மேடமும் ஒரு கட்டைவிரல் எண்ணெயும்

குற்றாலத்துக்குக் கூப்பிடு தூரத்தில் பிறந்து, உடம்பில் ஒரு சொட்டு எண்ணெய் படாமல் நடமாடிய ஆள் ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். இங்கே சீசன் தொடங்கிவிட்டால் எண்ணெய்க்குத் தப்பியது எதுவும் கிடையாது. பஸ் கம்பியில் எண்ணெய், டீக்கடை பெஞ்சில் எண்ணெய், ஏ.டி.எம். பொத்தானில் எண்ணெய். வெளியூர்க்காரர்கள் அருவிக்கரையில் துண்டோடு உட்கார்ந்து, தலையிலிருந்து கால்வரை தேய்க்கக் கொடுத்துவிட்டு, பாதி குளித்தும் குளிக்காமலும் அதே உடம்போடு ஊரைச் சுற்றுவார்கள். அப்படிப்பட்ட ஊரில்தான் மேடம் எண்ணெயைத் தீண்டாமல் இருந்தார்.

மேடம் என்றுதான் எல்லோரும் சொன்னோம். பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால், இந்தத் தாள் எத்தனை பேர் கைபட்டு வந்தது என்றுதான் அவர் முதலில் கேட்பார்.

நான் தென்காசியில் ஏ.சி., ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிறவன். பத்து வருஷத்துக்கு முன் ஒரு சாரல் நாளில், குற்றாலம் போகிற வழியிலுள்ள ஒரு கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. தாளாளருக்குச் சீசன் நேரத்தில் விருந்தாளிகள் அதிகம். மாடியில் ஒரு அறையை விருந்தினர் அறையாக மாற்ற வேண்டும், அளவெடுத்துவிட்டு வா என்றார்கள். அளவு டேப்போடு போய்க் கதவைத் திறந்தேன். உள்ளே ஆள் நீளத்துக்கு ஒரு எஃகுக் குழாய், அதைச் சுற்றி ஒயர்கள், ஒரு பக்கம் பம்பு, நடுவில் தலைக்குத் தொப்பியும் கைக்கு உறையுமாக நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். ஆபரேஷன் தியேட்டருக்குள் வந்துவிட்டேனோ என்று நினைத்தேன்.

"அண்ணாச்சி, செருப்பைக் கழத்திட்டு அங்கன நில்லுங்க. எதையும் தொடாதீய. காலைல தலைக்கு என்ன தேச்சீய?"

"தேங்காண்ண."

"அப்பம் இன்னும் ரெண்டடி தள்ளி நில்லுங்க."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. முப்பது வருஷமாக இந்த ஊரில் எத்தனையோ வீட்டுக்குள் போயிருக்கிறேன், கையை மோந்து பார்த்து யாரும் உள்ளே விட்டதில்லை. இவர் மோந்தும் பார்த்தார். திரும்பிப் போயிருப்பேன். ஆனால் அந்தப் பம்பின் சத்தத்தில் ஒரு கொடகொடப்பு இருந்தது. தொழில் புத்தி சும்மா இருக்க விடவில்லை. எட்டி நின்றே அதன் எண்ணெய்க் கண்ணாடியைப் பார்த்தேன். உள்ளே எண்ணெய் மோர் போல வெளுத்துக் கிடந்தது.

"மேடம், சாரல் ஈரத்தை உங்க பம்பு குடிச்சிருக்கு. எண்ணெயை மாத்தலைன்னா அது இழுக்காது. ஆமா, எண்ணெயே ஆகாதுங்கீய, பம்புக்குள்ள இவ்வளவு கிடக்கே?"

"அது குழாய்க்கு வெளிய கிடக்க வரைக்கும் எனக்கும் அதுக்கும் சண்டை இல்ல" என்றார். அப்புறம் முகம் மாறி, "ஒரு வாரமா இதைத்தான் தேடுதேன் அண்ணாச்சி. மாத்தித் தாரீயளா?" என்று கேட்டார்.

மாற்றிக் கொடுத்தேன். கையை மூன்று முறை கழுவச் சொல்லிவிட்டுத்தான் மாற்ற விட்டார். ஏ.சி.க்கு அளவெடுக்க மறந்தே போனேன். தாளாளரிடம், "அந்தச் சுவர் தாங்காது சார், யோசிக்கணும்" என்று ஒரு பொய் சொன்னேன். அந்தச் சுவர் யானையைத் தாங்கும்.

ஏன் பொய் சொன்னேன் என்றால், எண்ணெய் மாற்றும்போதே கதை தெரிந்துவிட்டது. மேடம் வடக்கே ஒரு பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் இருபது வருஷம் இந்த மாதிரி மெஷினோடு குடித்தனம் நடத்தியவர். இலஞ்சியில் அவர் அப்பா தனியாக இருந்தார். வயது எண்பது. மகள் ஒரு தடவை வடக்கே கூட்டிப் போய் வைத்துக்கொண்டார். மார்கழிக் குளிரில் பெரியவரின் தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாக உறைந்துவிட்டது. "எண்ணெயே விறைச்சுப் போற ஊர்ல மனுசன் இருப்பானா?" என்று கேட்டுவிட்டு அடுத்த ரயிலில் ஏறியவர்தான், பிறகு அசையவே இல்லை. அதனால் மகள் வந்தார். வரும்போது, அங்கே பழைய இரும்புக்குப் போகவிருந்த மெஷினைக் கேட்டு வாங்கி, லாரியில் ஏற்றி, இந்தக் கல்லூரிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். கல்லூரி ஒரு நிபந்தனை வைத்தது. மூன்று பேர் கொண்ட ஒரு குழு வந்து பார்க்கும். அன்று மெஷின் ஓடினால் மெஷினும் இருக்கும், மேடத்துக்கு வேலையும் இருக்கும். ஓடாவிட்டால் மெஷின் இரும்புக்கடைக்கு, அறை விருந்தாளிக்கு, மேடம் வடக்கே, பெரியவர் பழையபடி தனியே. அந்த இடத்தில் நான் ஏ.சி. மாட்டினால் உருப்படுவேனா?

அதற்கப்புறம் வேலை இல்லாத மத்தியானங்களில் அங்கே போய் உட்கார ஆரம்பித்தேன். தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டேன். "என்னாச்சு, யாரும் செய்வினை வச்சிட்டாவளா?" என்று வீட்டில் கேட்டார்கள்.

அந்த மெஷின் என்னதான் செய்கிறது என்று ஒரு நாள் கேட்டேன். மேடம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மெயினருவியில ஒத்தச் செருப்பைத் தொலைச்சவனைப் பாத்திருக்கீயளா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

"சீசனுக்கு நூறு பேரைப் பாக்கேன்."

"அவன் எப்படி இருப்பான்? செருப்பு குவிஞ்சு கிடக்க பக்கமெல்லாம் இழுபட்டுட்டே திரிவாம்லா? அதான் அயனி. ஆர்கான்னு ஒரு வாயு. யாரு வம்புக்கும் போவாத சாது. அதை இந்தச் சின்ன டப்பாக்குள்ள விட்டு, ஒரு கம்பியைப் பழுக்கக் காய்ச்சினா எலக்ட்ரான் பறக்கும். அது போயி ஆர்கானை இடிக்கும். இடிச்ச வேகத்துல ஆர்கான் தன்கிட்ட இருக்க எலக்ட்ரான்ல ஒண்ணைத் தொலைச்சிரும். தொலைச்ச பெறவு அது சாது இல்ல. மின்சாரம் கூப்பிட்ட பக்கம் ஓடும்."

"செருப்பு தொலைஞ்சுட்டு. சரி."

"இப்பம் எதுத்தாப்புல ஒரு தகடு. அதுல செருப்பைக் குவிச்சு வச்ச மாதிரி மின்னழுத்தம் குடுக்கேன். அம்புட்டுப் பேரும் ஓடுவாவ. ஆனா தகடுக்கு நடுவுல ஒரு ஓட்டை. ஓடி வந்த வேகத்துல நிக்க முடியாம ஓட்டை வழியா அந்தப் பக்கம் பாஞ்சிருவாவ. அதுதான் அண்ணாச்சி பீம். அயனிக் கற்றை."

தென்காசிக் கோவில் கோபுர வாசலில் வருகிறவனைக் காற்று தள்ளுவது போலவா என்று கேட்டேன். காற்று தள்ளும், இது இழுக்கும் என்றார். இழுபட்டு வந்தவர்கள் ஒருவரை ஒருவர் கண்டால் ஆகாமல் விலகி விலகிப் போவார்களாம், எல்லோரும் தொலைத்தது ஒரே ரகம் என்பதால். அவர்களை ஒரு புள்ளிக்குக் கூட்டி வர மூன்று உலோக வளையங்கள் வைத்திருந்தார். அதற்கு லென்ஸ் என்று பெயர். "கண்ணாடியே இல்லையே மேடம்?" என்றேன். கண்ணாடி வைத்தால் முட்டிக்கொண்டு நின்றுவிடும், இங்கே மின்புலம்தான் கண்ணாடி என்று சொன்னார். இப்படிக் கூட்டி வந்த கற்றை எதில் போய் மோதுகிறதோ, அதன் தோலுக்குள் புதைந்துகொள்ளும். போனுக்குள் இருக்கிற சிப்பை அப்படித்தான் செய்கிறார்களாம். மாற்று மூட்டு தேயாமல் இருக்க அதன் மேல்தோலைக் கெட்டியாக்கலாம், கண்ணுக்குத் தெரியாத அளவில் செதுக்கலாம், மாளிகை அளவு மெஷினாக இருந்தால் புற்றுநோய்க் கட்டியைக் குறிபார்த்து அடிக்கலாம்.

"இந்த மெஷின் எதைச் செய்யும்?"

"இது பாவம், தகட்டுல ஒரு கடலை அளவு இடத்தை அடிக்கும்" என்றார். சொல்லும்போது தன் பிள்ளை ஆறாம் வகுப்பில் பாஸ் ஆனதைச் சொல்கிற மாதிரி இருந்தது முகம்.

இதற்கெல்லாம் குழாய்க்குள் காற்று இருக்கக் கூடாது. அயனி போகிற வழியில் காற்று நின்றால் சீசன் கூட்டத்தில் மாட்டியவன் போல முட்டி மோதி வழியிலேயே சோர்ந்துவிடும். வெற்றிடம் எனக்குத் தெரிந்த வித்தைதான். ஏ.சி.க்கு வாயு ஏற்றுமுன் நானும் அரை மணி நேரம் பம்பு வைத்து இழுப்பேன். பெருமையாக என் மீட்டரைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

மேடம் அதைக் கையுறையோடு வாங்கிப் பார்த்தார். "நல்லா இருக்கு அண்ணாச்சி. ஆனா உங்க வெற்றிடத்துல மாட்டுச் சந்தையே நடத்தலாம்" என்றார்.

இரண்டு நாள் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

அவருடைய வெற்றிடத்துக்கு எமன் எண்ணெய். உள்ளே ஒரே ஒரு விரல்ரேகை பட்டால் போதும், அதிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டே இருக்கும், பம்பு நாள்கணக்கில் இழுத்தாலும் வெற்றிட மீட்டரின் முள் இறங்காது. அதனால் மேடம் உலகத்தையே விரல்ரேகையாகப் பார்த்தார். என் ஸ்கூட்டரில் பின்னால் ஏறுமுன் சீட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைப்பார். ரம்புட்டான் பழத்தைக் கையுறையோடு உரித்துத் தின்றார். கல்யாண வீட்டில் சந்தனம் நீட்டினால் எடுத்து, ஒரு காகிதத்தில் தடவி, மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். சுத்தம் செய்த சாமானையெல்லாம் அலுமினியத் தாளில் சுற்றி வைப்பார். மாதம் எட்டு ரோல் வாங்கினார். தென்காசிக் கடைக்காரர் என்னிடம் ரகசியமாக, "அந்தம்மா பிரியாணி எங்கன போடுதாவ? ஒரு நாள் சொல்லுங்க" என்று கேட்டார். மெஷின் வெளிப்பக்கம் சூடாக்கும் நாடா சுற்றி, அதன் மேல் அலுமினியத் தாள் போர்த்தி ஒரு நாள் முழுக்கக் காயவைப்பார். சுவரில் ஒட்டிய ஈரம் கிளம்புவதற்காம். நான் அதை ஒத்தடம் என்று சொல்ல, கடைசியில் அவரும் நோட்டில் ஒத்தடம் என்றே எழுத ஆரம்பித்தார்.

ஊரே சாரலுக்கு ஏங்கும். மழை மேகம் மலையில் இறங்கியதும் ஆளாளுக்குப் போனில் படம் அனுப்புவார்கள். மேடம் மட்டும் ஜன்னலை அடைத்துவிட்டு, "வந்துட்டுது பாத்தீயளா, சனியன்" என்பார்.

இப்படி இருந்தவரை ஒரு முடி கவிழ்த்தது. குழு வருவதற்குப் பத்து நாளுக்கு முன் எங்கோ கசிவு. மேடம் இணைப்புகளில் ஸ்பிரிட் சொட்டு விட்டு மீட்டர் துள்ளுகிறதா என்று பார்த்தார். நான் என் முறைப்படி காதை வைத்துக் கேட்டேன். இரண்டும் பலிக்கவில்லை. மூன்றாம் நாள் ஒவ்வொரு மூடியாகக் கழற்றினோம். நான்காவது மூடியில், ரப்பர் வளையத்துக்குக் குறுக்கே ஒரு முடி கிடந்தது. அதன் ஓரமாகத்தான் காற்று உள்ளே போயிருக்கிறது.

மேடம் இடுக்கியில் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணில் நெருப்பு. "யாரு முடி இது?"

அந்த அறைக்கு வந்து போகிறவர்கள் மூன்று பேர். பிரின்சிபாலுக்கு முடியே கிடையாது. எனக்கு நரை. இடுக்கியில் தொங்கியது ஒன்றரை அடி, கறுப்பு. நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு மேடம் நோட்டை எடுத்து எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். "கசிவு: முடி ஒன்று. உரிமையாளர்: நான்." கையெழுத்தும் போட்டிருந்தார். அந்த நோட்டுக்காகவே அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப் போனது.

இலஞ்சியில் பெரியவரோடு நடந்த போராட்டம் தனிக்கதை. அவர் தினமும் தலை நிறைய எண்ணெய் வைத்து, அது நெற்றியில் வழிய, நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மகள் வேலைக்குக் கிளம்பும்போது தலையைத் தொட்டு அனுப்ப வேண்டும் என்று ஆசை. மகள் மூன்றடி தள்ளியே நிற்பார்.

"ஏட்டி, தலை காஞ்ச பனைமட்டையாட்டம் கிடக்கு. ஒரு சொட்டு வச்சு விடுதேன், கிட்ட வா."

"வேலை முடியட்டும்ப்பா. அப்புறம் வச்சுக்கிடுதேன்."

"உன் வேலை எப்பம் முடியும்? நான் முடிஞ்ச பெறவா?"

இது தினப்படி வசனம். ஸ்கூட்டரோடு வாசலில் நின்று நானே பலமுறை கேட்டிருக்கிறேன். மேடம் சிரித்துக்கொண்டேதான் வருவார். ஆனால் வயல் தாண்டும் வரை வீட்டுப் பக்கமே திரும்பிப் பார்த்துக்கொண்டு வருவார்.

குழு வந்தது மறு வருஷம் ஆனி மாதத்தில், நல்ல சாரல். மேடம் மூன்று நாள் பம்பை நிறுத்தாமல் ஓடவிட்டு, முள்ளை அடிமட்டத்துக்கு இறக்கி வைத்திருந்தார். பம்பு மக்கர் செய்தால் பார்க்க என்று என்னையும் நிறுத்தியிருந்தார். காலையில் பத்து மணிக்கு வர வேண்டிய மூவரும் பதினொன்றுக்கு வந்தார்கள். தலைவர் வெளியூர், வேறு ஏதோ பாடத்தில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்லூரிக்காரர்கள் உபசாரமாக அவரைக் காலையிலேயே அருவிக்கு அழைத்துப் போய், நன்றாக மசாஜ் செய்து, குளிப்பாட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். மனிதர் பளபளவென்று மின்னினார். காதோரம் இன்னும் எண்ணெய் வழிந்தது. மேடத்தின் முகம் வெளிறிப்போனது.

மெஷினை ஓட்டிக் காட்டினார். சின்ன ஜன்னல் வழியே, அயனி பிறக்கிற டப்பாவில் கத்தரிப்பூ நிறத்தில் ஒளி தெரிந்தது. அழகாக இருந்தது. மேடம் ஒவ்வொரு திருகாகத் திருப்ப, தகட்டில் வந்து விழும் அயனிகளைக் காட்டும் மீட்டர் முள் ஏறியது.

தலைவர் தகடு இருக்கும் பக்கத்து ஜன்னலில் கண்ணை வைத்தார். "இங்க ஒண்ணும் தெரியலையே?"

"நல்ல வெற்றிடத்துல பீம் கண்ணுக்குத் தெரியாது சார். தெரிஞ்சா உள்ள காத்து இருக்குன்னு அர்த்தம்."

"அப்போ நல்லா இருக்கிறதுக்கும் ஒண்ணுமே இல்லாததுக்கும் என்ன வித்தியாசம்மா?"

நியாயமான கேள்விதான், ஆனால் கேட்டவர் மேல் எனக்கு எரிச்சலாக வந்தது. மேடம் மீட்டரைக் காட்டினார். "மீட்டர் முள்ள யார் வேணும்னாலும் ஆட்டலாம்" என்றார் தலைவர். இதற்கு நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், பிரின்சிபால் என் காலை மிதித்தார்.

"திறங்க. உள்ள என்ன இருக்குன்னு பார்க்காம நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

"திறந்தா மறுபடியும் வெற்றிடம் வர நாலு மணி நேரம் ஆகும் சார்."

"ஆகட்டும். நாங்க சாப்பிட்டுட்டு வரோம்."

வேறு வழியில்லை. மேடம் மெஷினை அணைத்து, உலர்ந்த வாயுவை மெல்ல உள்ளே விட்டு, மூடியைத் திறந்து, பழைய தகட்டைக் கழற்றிவிட்டு, கண்ணாடி போல மெருகேற்றிய புதுத் தகடு ஒன்றை வைத்தார். ஒரு ஜோடி கையுறையை எடுத்துத் தலைவரிடம் நீட்டினார்.

"இது போட்டா எனக்கு அரிக்கும்" என்றார் தலைவர். சொல்லிக்கொண்டே கையை உள்ளே விட்டு, தகட்டின் நட்டநடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். "பரவாயில்லையே, நல்லா வழவழன்னு இருக்கு."

மேடம் ஸ்பிரிட் பாட்டிலை எடுக்கப் போனார். தலைவர் தடுத்துவிட்டார். "எதையும் தொடாதீங்க. இப்படியே மூடுங்க. நான் பார்த்த தகடுதான் இருக்கணும். இவர் இங்கேயே இருந்து பார்த்துக்குவார்" என்று உறுப்பினர் ஒருவரை நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அவர் ஐந்தாவது நிமிஷம் தூங்கிவிட்டார். தூங்கினாலும் சாட்சி சாட்சிதான் என்று மேடம் தகட்டைத் தொட மறுத்துவிட்டார். "துடைச்சிருங்க மேடம், யாரு பாக்கா?" என்று நான் கெஞ்சிப் பார்த்தேன். "நான் பாக்கேன்லா" என்றார்.

அந்த நாலு மணி நேரத்தை நான் மறக்க மாட்டேன். முள் இறங்குவதாக இல்லை. மேடம் அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்பா சாப்பிட்டாரா என்று ஒரு தடவை வீட்டுக்குப் போன் செய்தார். "இன்னைக்குச் சாயங்காலம் தெரிஞ்சிரும்ப்பா" என்றார். வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "திரும்ப அந்த ஊருக்குப் போகணும்னா அப்பாவை யாரு அண்ணாச்சி பாத்துக்கிடுவா?" என்று கேட்டார். நான் எழுந்துபோய்ப் பம்பைத் தட்டிக் கொடுத்தேன். பம்பைத் தட்டிக் கொடுத்தால் ஒன்றும் ஆகாது, இருந்தாலும் கொடுத்தேன்.

நாலு மணிக்கு விருந்து முடித்து வந்தார்கள். முள் காலையில் இருந்த இடத்துக்கு வரவில்லை, ஆனால் மெஷின் ஓடும் அளவுக்கு வந்திருந்தது. அரை மணி நேரம் ஓட்டினார். மறுபடியும் திறந்தார். தலைவர் எட்டிப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன்.

தகட்டின் நடுவில், கடலை அளவுக்கு ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் காப்பி நிறத்தில், வரி வரியாக, தலைவரின் கட்டைவிரல் ரேகை. வட்டத்தின் விளிம்பில் ரேகை வெட்டினாற்போல் நின்றுவிட்டது. அதற்கு வெளியே விரல் பட்ட இடம் லேசான எண்ணெய்ப் பூச்சாகத்தான் இருந்தது.

தலைவர் தன் கட்டைவிரலைப் பார்த்தார். தகட்டைப் பார்த்தார். நான் போன் விளக்கை அடித்துக் காட்டினேன். துண்டை எடுத்து அழுத்தித் துடைத்தார். வெளியே இருந்த பூச்சு போய்விட்டது. வட்டம் அப்படியே இருந்தது.

"அழியலையே?"

"பீம் படாத இடத்துல அது எண்ணெய் சார், அழியும். பீம் பட்ட இடத்துல கரிஞ்சு தகட்டோட சேந்துட்டு. இனிமே அழியாது" என்றார் மேடம்.

தூங்கிக்கொண்டிருந்த உறுப்பினர் அப்போதுதான் எழுந்து வந்து பார்த்தார். பார்த்துவிட்டு ரொம்ப அப்பாவியாக, "சார், நீங்கதான் காலையிலேயே கைநாட்டு வச்சிட்டீங்களே, இனிமே கையெழுத்து எதுக்கு?" என்றார்.

பிரின்சிபால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது. தலைவர் எல்லோரையும் ஒரு முறை முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மூன்று தாளிலும் கையெழுத்துப் போட்டார். அந்தத் தகட்டை நினைவாகக் கேட்டார். அது ஆவணம், தர முடியாது என்று மேடம் சொல்லிவிட்டார். எல்லோரும் கைகொடுத்துச் சிரித்துக்கொண்டிருக்க, மேடம் மட்டும் திறந்த மெஷினுக்குள் குனிந்து பார்த்து, "இதைக் கழுவ ரெண்டு நாள் ஆவும், பாவி மனுசன்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஜெயித்துவிட்டோம் என்பதே அவருக்கு உறைக்கவில்லை. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னதும் நாற்காலியில் உட்கார்ந்து, கையுறையோடு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு அந்தக் கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று மாட்டினார்.

மாலையில் இலஞ்சியில் கொண்டுபோய் விட்டேன். பெரியவர் நாற்காலியில் இருந்தார். மேடம் நேராகப் போய் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து தலையைக் குனிந்தார்.

"வேலை முடிஞ்சிட்டுப்பா. வைங்க."

பெரியவர் ஒரு வருஷத்துப் பாக்கியையும் சேர்த்துக் கவிழ்த்தார். எண்ணெய் கழுத்தில் இறங்கியது, காதில் இறங்கியது. மேடம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு பையிலிருந்து அலுமினியத் தாள் பொட்டலத்தைப் பிரித்து, மெருகேற்றிய தகடு ஒன்றை எடுத்து நீட்டினார்.

"கட்டைவிரலை இதுல வைங்கப்பா."

பெரியவர் கையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார். "எதுக்கு? எந்த வயலை எழுதி வாங்கப் பாக்கே?"

"வயலெல்லாம் நீங்களே வச்சுக்கிடுங்க. விரலை மட்டும் குடுங்க."

நான் சாட்சி நிற்கிறேன், பத்திரம் எதுவும் இல்லை என்று சத்தியம் செய்த பிறகே வைத்தார். மறுநாள் அந்தத் தகடு மெஷினுக்குள் போனது. உலகத்தில் ஒரு விரல்ரேகைக்கும் இடம் கொடுக்காதவர், தெரிந்தே ஒரு விரல் எண்ணெயை வெற்றிடத்துக்குள் வைத்து மூடியதை நான் பார்த்தேன். அரை மணி நேரம் கழித்துத் திறந்தால், பெரியவரின் ரேகை காப்பி நிறத்தில் சுழி சுழியாக நின்றது. எனக்கும் ஆசையாக இருந்தது. என் விரலையும் எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டேன்.

"உங்க விரல்ல கம்ப்ரசர் எண்ணெய் அண்ணாச்சி. மெஷின் தாங்காது" என்றார்.

பெரியவர் அதற்கப்புறம் இரண்டு வருஷம் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தோறும் மேடத்தின் தலையில் எண்ணெய் இருக்கும். திங்கட்கிழமை சீயக்காய் போட்டு இரண்டு முறை அலசிவிட்டு வருவார். மூன்றாவது சாரல் தொடங்குமுன் பெரியவர் போய்ச் சேர்ந்தார். மெஷினைக் கல்லூரியில் படித்த ஒரு பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு மேடம் வடக்கே கிளம்பினார். கிளம்பும் முன் அந்தப் பெண்ணின் முடியை அளந்து பார்த்து, கத்தரித்துக்கொள்ளச் சொன்னதாகக் கேள்வி.

தென்காசி ஸ்டேஷனில் சென்னை ரயிலுக்கு நான்தான் பெட்டி தூக்கினேன். கைப்பையில் அந்தத் தகடு அலுமினியத் தாளில் இருந்தது. ஒரே ஒரு முறை பிரித்துக் காட்டினார். ரேகை அப்படியே இருந்தது. "துடைச்சாலும் போவாது அண்ணாச்சி" என்றார். ரயில் ஊதியது. மேடம் வலது கையுறையைக் கழற்றி, வெறுங்கையை என் பக்கம் நீட்டினார். என்ன செய்வது என்று தெரியாமல் என் கையை வேட்டியில் நாலு முறை துடைத்துவிட்டுக் கொடுத்தேன். இறுகப் பிடித்துக் குலுக்கினார்.

ரயில் நகர்ந்தது. ஜன்னலோடு நானும் பத்தடி நடந்தேன். உள்ளே மேடம் ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்னொரு கையை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார்.